விநாயகம் தர வேண்டிய ஒளிவட்டம்

திண்டிவனம் ரோட்டில் விநாயகம் என்றொரு போட்டோகிராபர் இருக்கிறார், அவர் படம் எடுத்தால் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் விழுகிறது, அதுவும் நல்லவர்களுக்கு மட்டும்தான் விழுகிறது என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னார்கள். ஜவுளிக்கடை ரங்கநாதனுக்கு விழுந்துவிட்டதாம். ரங்கநாதனிடம் வாங்கிய வேட்டி ஒரே சலவையில் துண்டாகச் சுருங்கியதைப் பார்த்தவன் நான். விசாரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்டுடியோ, தங்கராஜ் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே பூச்சிமருந்து வாசனை. விநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயது. புது டிஜிட்டல் கேமரா வாங்கியதில் கை காலியாகி, அதற்கேற்ற லென்ஸ் வாங்க முடியாமல் போனவர். அனந்தபுரத்தில் பழைய பித்தளை விற்பவரிடம், விநாயகம் பிறப்பதற்கு முன்பே செய்த குட்டி லென்ஸ் ஒன்று கிடைத்தது. நடுவில் ஒரு வளையம் போட்டு மாட்டினார். உடனே கேமரா, 'லென்ஸ் இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டியது. 'ஆமாம், இல்லைதான்' என்று மெனுவில் ஒப்புக்கொண்ட பிறகே வேலை செய்தது. கேமராவைக் கேட்டால், ஆறு வருஷமாக இந்த வட்டாரக் கல்யாணங்களை விநாயகம் லென்ஸே இல்லாமல்தான் எடுத்திருக்கிறார்.

லென்ஸ், ஊறுகாய் பாட்டில் மூடி அளவு. மற்றவர்கள் நாகஸ்வரம் நீளத்துக்கு மாட்டிக்கொண்டு வரும் மண்டபத்தில், "கேமராக்காரர் எப்பங்க வருவாரு?" என்று விநாயகத்திடமே கேட்பார்கள். ஃபோகஸும் கையால்தான். லென்ஸைத் திருகுவார், போதாதென்று இடுப்போடு முன்னும் பின்னும் ஆடுவார். சரியாக அமைந்தால் திரையில் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு மின்னும். அதுவரை மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். தளவானூரில் ஒருவர் அப்படி நின்றதில் முகூர்த்தம் போய் எமகண்டம் வந்துவிட்டது.

ஒளிவட்டம் பற்றிக் கேட்டேன். லென்ஸைக் கழற்றி ஜன்னல் பக்கம் காட்டினார். உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது.

"பூஞ்சை சார். உள்ள பூத்துக்கிச்சு. தலைக்குப் பின்னாடி பல்பு எரிஞ்சா, வெளிச்சம் அதுல பட்டு வட்டமாப் பரவுது. நல்லவன் கெட்டவன்லாம் இதுக்குத் தெரியாது."

"இத ஊருக்குச் சொல்லலாமே?"

கம்ப்யூட்டரில் ஆல்பம் அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி மணிமொழி திரும்பாமலே சொன்னார்: "வட்டம் வந்தப்புறம்தான் சார் எங்களுக்கு மொதப் பந்தியில எலை போடுறாங்க."

அப்போது படியேறி வந்தார் தங்கராஜ். கட்டடம் அவருடையது. மாடியைக் காலி செய், குடோனாக்க வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் ரங்கநாதனை எதிர்த்து நிற்பவரும் அவர்தான்.

"இன்னா விநாயகம், அவனுக்கே வட்டம் போட்டுக்கீற! எனக்கு அதவிடப் பெருசா ஒண்ணு போடு. போட்டீன்னா மாடி உனக்கு. இல்லன்னா யூரியா மூட்டைக்கு."

விநாயகம் பொய் சொல்லத் தெரியாதவர். "மொதலாளி, அது வட்டம் இல்ல. லென்ஸுல பூஞ்சை."

முப்பது வருஷமாக விவசாயிகள் வந்து கவலையோடு சொல்லும் வார்த்தை அது. தங்கராஜ் முகம் மலர்ந்துவிட்டது. "பூஞ்சையா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கீழயே மருந்து கெடக்குது!"

மறுநாள் விநாயகம் சாப்பிட்டுத் திரும்பியபோது லென்ஸ் ஒரு பக்கெட்டில் மூழ்கிக் கிடந்தது. நெல் குலைநோய்க்குக் கலக்கும் அதே அளவு, லிட்டருக்கு இரண்டு கிராம். "மூணு நாள் மொட்டமாடி வெயில்ல காய வெச்சுடு," என்றார் தங்கராஜ். "பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தெளிப்பு."

பூஞ்சை செத்தது. பல்பைப் பின்னால் எரியவிட்டு எடுத்த படத்தில் தங்கராஜின் மருவும் மயிர்க்கால்களும் தெளிவாக விழுந்தன. பல்பு பல்பாகவே இருந்தது.

"வட்டம் எங்கப்பா?"

"நீங்கதான் மொதலாளி மருந்தடிச்சுக் கொன்னுட்டீங்க."

தேர்தலில் தங்கராஜ் ஒன்பது ஓட்டில் தோற்றார். அன்று மாலையே மாடியைக் காலி செய்யச் சொல்லி வந்து நின்றார். விநாயகம் ஸ்டாண்டுகளை மடக்க ஆரம்பித்துவிட்டார். மணிமொழிதான் நிதானமாகப் பேசினார்.

"போயிடறோம் மொதலாளி. நல்லவங்களுக்குத்தான் வட்டம் விழும்னு ஊருல பேச்சு. போற எடத்துல, தங்கராஜுக்கு ஏன் விழலன்னு கேட்டா நாங்க இன்னா சொல்றது?"

தங்கராஜ், மடக்கிய ஸ்டாண்டு ஒன்றை வாங்கிப் பழையபடி விரித்து வைத்தார். "எனக்கு ஒரு வட்டம் பாக்கி. அதக் குடுக்காம இங்கேர்ந்து ஒருத்தரும் படியெறங்கக் கூடாது. குடுத்த மறுநாளு காலி பண்ணிடணும்."

ஆக, லென்ஸ் இப்போது ஈரச் சாக்கில் சுற்றிய டப்பாவுக்குள், குளியலறை மாடத்தில் இருக்கிறது. முகூர்த்த நாளில் மட்டும் வெளியே வரும். பூஞ்சைக்கு மருந்து விற்கும் தங்கராஜ், பூஞ்சை முளைத்ததா என்று தினமும் விசாரிக்கிறார்.

போன வாரம் போனபோது டப்பாவைத் திறந்து பார்த்தேன். லென்ஸ் பளிங்காக இருந்தது. அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம். புதுச் செருப்பு டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுவதற்குப் போடுவார்களே, அது.

"இது இன்னாங்க?" என்றேன்.

மணிமொழி டப்பாவை வாங்கி மூடினார். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் சார்."

கீழேயிருந்து தங்கராஜின் குரல் வந்தது. "மொளைச்சுதா?"

விநாயகம் மனைவியைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர், உண்மையைத்தான் சொன்னார்: "இன்னும் இல்ல மொதலாளி. ஈரம் பத்தல."