விமானத்துக்கு நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டில் நல்ல தண்ணீரைக் குடித்தது மூன்று பேர். அதில் குளித்தது ஒரு விமானம்.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் அலுமினியக் குழாய், துணி இறக்கை, பின்னால் ஓர் எஞ்சின், இரண்டு இருக்கை, அவ்வளவுதான். மைக்ரோலைட் என்பார்கள். பட்டாளத்தில் விமான மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த என் மாமா, கையிலிருந்ததை எல்லாம் போட்டு வாங்கியது அது. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் கருவேலங்காட்டை வெட்டி ஓடுபாதையும் போட்டிருந்தார். கும்பாபிஷேகம், கல்யாணம் என்றால் மேலிருந்து பூத்தூவக் கூப்பிடுவார்கள். பெண் கொடுக்கத்தான் யாரும் கூப்பிடவில்லை.

கடல் பக்கம் பறந்துவிட்டு வந்தால் உடனே கழுவியாக வேண்டும். போர்த் தண்ணீர் ஒரே உப்பு. ஆகவே, தள்ளுவண்டிக்காரரிடம் அம்மா விலைக்கு வாங்கி வைத்த குடிதண்ணீர்தான் அதற்கும்.

"ஏலே, இங்கன உலை வைக்கத் தண்ணியக் காணோம். நீ அங்கன துணிக்கு ஊத்திக்கிட்டு இருக்க!" என்று அம்மா கத்துவாள். அய்யா துபாயில் இருந்ததால் இந்தச் சண்டைக்கு நடுவர் கிடையாது.

அத்தனை குளிப்பாட்டியும் உப்புக்காற்றுதான் ஜெயித்தது. ஒருநாள் நடுக்குழாயைத் தடவிக்கொண்டிருந்த மாமாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. நீளமாக ஒரு விரிசல். பக்கத்துக் குழாய்களும் உள்ளுக்குள் பொரிந்திருந்தன. "இனி இது எந்திரிக்காதுக்கா" என்றார். அடுத்த வாரமே கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் மைக்ரோலைட், புதுமடம் கடற்கரையில் இறங்கும்போது மணலில் சக்கரம் புதைந்து குப்புற விழுந்தது. ஆள் தப்பிவிட்டார். இறக்கையும் எஞ்சினும்தான் போயின. பழுது பார்க்க மாமாவிடம் கொண்டுவந்தார்கள்.

கோடை முழுவதும் மாமா வேலை பார்த்தார். வளைந்த குழாய்களை மாற்றினார். கிழிந்த இறக்கைக்கு அம்மாவின் தையல் மிஷினிலேயே ஒட்டுப்போட்டார். கடைசியில், சும்மா கிடந்து துருப்பிடிக்க வேண்டாம் என்று தன் விமானத்தின் எஞ்சினைக் கழற்றி அதில் மாட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். பாம்பன் பாலத்தை மேலேயிருந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் எஞ்சின் ஏறிவிட்டதால் அதுவும் எங்களுடையதுதான், இனிப் புது வண்டியிலேயே போகலாம் என்று பள்ளிக்கூடத் தோழிகள் அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் வந்தார், ஏறி உட்கார்ந்தார், பறந்து போய்விட்டார். நான் தரையில் புரண்டு அழுதேன். மாமா மேலே பார்க்கக்கூட இல்லை. தலையைக் குனிந்து, அந்தச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கையெல்லாம் ஓஞ்சு போச்சுக்கா" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய இரும்புக்காரர் சாயங்காலம் வருவதாக இருந்தது. அதற்குள் மாமா எழுந்துபோய், எஞ்சின் இல்லாத அந்தக் கூட்டை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே எரிச்சலில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடைக்குப் போறதுக்கு எதுக்கு மாமா நல்ல தண்ணி?"

அவர் இன்னொரு செம்பு மொண்டு ஊற்றினார். அம்மா வழக்கம்போலக் கத்துவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்படியிலிருந்த கடைசிக் குடத்தை இடுப்பில் சுமந்துவந்து, தம்பியின் பக்கத்தில் வைத்தாள்.

அன்று ராத்திரி வீட்டில் உலை வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது. தண்ணீர் தீர்ந்துபோனதால்தான் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.