கள்ளித் தோட்டத்தில் நான் கேட்காதவை

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஊசிக்காக வரிசையில் நின்றபோதுதான் அந்த இரைச்சலை முதலில் கவனித்தேன். வெளியே புளியமரத்தில் சில்வண்டு கத்துகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அது நிற்கவில்லை. சத்தம் என் காதுக்குள் இருந்தது.

எனக்குக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று, ஊரில் எலும்புருக்கி என்பார்கள்). ஐம்பதுகளின் கடைசி அது. சேலத்தில் தந்தி ஆபரேட்டராக இருந்தேன். கருவியின் கட்கட ஒலியைக் காதால் கேட்டே எழுத்தாக்கும் வேலை. நீண்ட விடுப்பில் இருந்த எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) போட்டுவந்தார்கள்.

தொடக்கத்திலேயே டாக்டர் எச்சரித்திருந்தார். "காதுல இரைச்சல் வந்தாலோ, தலை சுத்தினாலோ அன்னைக்கே சொல்லணும். சிலருக்கு இந்த மருந்து காது நரம்பைக் கெடுத்துடும்."

நான் சொல்லவில்லை. ஊசியை நிறுத்தினால் இருமல் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். காது போனவனுக்குத் தந்தி மேஜையில் இடமில்லை என்ற பயம் அதைவிடப் பெரியது.

மூன்று வாரம் கழித்து, அரை நாள் வெளியே போய்வர டாக்டர் அனுமதித்தார். என் மனைவி ஸ்டெல்லா திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி. மல்லசமுத்திரம் அருகே கரட்டு நிலத்தில் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் பாலைநிலச் செடிகளுக்கென்றே தோட்டம் வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைப் பார்க்க ஆசைப்பட்டாள். பஸ்ஸில் போனோம்.

ஆள் உயரத்துக்குத் தூண்போல நின்ற கள்ளிகள், பந்துபோல் உருண்டவை, பூசணி நிறத்தில் பூத்தவை. நான்கு மாதமாகச் சுவரை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அவ்வளவும் விருந்து. பாறைமேல் ஓணான் ஒன்று தலையாட்டியது. "மழை பெய்யறப்ப குடிச்சு உடம்புல வெச்சுக்கும்ங்க. வருசம் பூரா அதுதான்" என்று ஆசிரியர் ஒரு கள்ளியைக் காட்டினார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் புரிந்தது.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். புதரடியில் கௌதாரி ஒன்று நின்றது.

"ஏனுங்க, எப்படிக் கூவுது பாருங்க! கேக்குதுங்களா?"

அதன் தொண்டை துடித்தது. எனக்கு இரைச்சல் மட்டுமே. "கேக்குது" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அந்தப் பொய்யைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

பூ ஒன்றை அருகில் பார்க்க நான் முன்னால் நடந்தேன். திடீரென்று பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். தடுமாறித் திரும்பினால், என்னை இழுத்த வேகத்தில் ஸ்டெல்லா சப்பாத்திக்கள்ளியில் விழுந்து கிடந்தாள். நான் கால் வைக்கவிருந்த இடத்தில் சுருட்டை விரியன். அது செதிலோடு செதில் உரசி அரம்போலச் சத்தமிட்டு எச்சரித்ததாம். ஸ்டெல்லாவும் ஆசிரியரும் மூன்று முறை கத்தினார்களாம்.

அவள் முழங்கை நெடுக முள். அதைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"உங்களுக்குக் காது கேக்கலீங்களா?"

கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.

"எத்தன நாளாங்க?"

சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலாம். பஸ்ஸில் வழிநெடுக முள்ளைப் பிடுங்குவதும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுமாக வந்தாள்.

மறுநாள் டாக்டர் இசைக்கவை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கருவி) வைத்துச் சோதித்தார். ஊசியை அன்றே நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். பிறகு ஒரு தாளில் எழுதி நீட்டினார்: 'போனது வராது. முதல் நாளே சொல்லியிருந்தால் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.'

ஒன்றரை வருட மாத்திரையில் நோய் குணமானது. வலது காது முழுதாகப் போயிற்று. இடதில் கொஞ்சம் மிச்சம். தந்தி மேஜையை விட்டுக் கடிதம் பிரிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: பயம் வந்த அன்றே வாயைத் திறந்துவிடுங்கள்.

இப்போது எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அவள் பிறந்து அழுததை வாயைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மடியில் ஏறி, இடது காதில் வாயை ஒட்டிக்கொண்டு பேசுவாள். முதலில் அவள் மூச்சின் சூடு வருகிறது. சொல் வந்து சேர இன்னும் சற்று நேரம் ஆகிறது. அதுவரை அசையாமல் காத்திருக்கிறேன்.