தராசக்கா படித்த ஒரே நாவல்

"பதினொன்னு இல்ல."

தைக்கப் போகிற புத்தகக் கட்டு ஒன்றை இடது கையில் தூக்கிப் பார்த்து, அதன் முதுகில் கட்டைவிரலை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுத் தராசக்கா தனியே வைத்தாள். அதற்குள் வலது கை அடுத்த கட்டை எடுத்துவிட்டது. பேச்சும் நிற்கவில்லை. வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று பக்கத்தில் இருப்பவளிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் புலம்பலுக்கு நடுவேதான் இந்தப் 'பதினொன்னு இல்ல'.

கட்டிங்காரர் தாள் வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து கட்டைப் பிரித்தார். பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு. பதினைந்து வருஷமாகப் பார்க்கிறார், இன்னும் ஆசை தீரவில்லை.

"என்னய்யா கட்டிங்கு, இருக்கா?"

"இல்லக்கா."

"அதத்தான நானும் சொன்னேன். பெரிய போலீசு, வந்து துருவுறாரு."

அந்த பைண்டிங் கூடத்தில் வேலை இப்படித்தான் நடக்கும். அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வந்து இறங்கும். ஒரு தாளை மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பேர். ஒரு பெண்ணுக்கு ஒரு ஃபாரம், புத்தகம் பெரிதானால் இரண்டு. அதையேதான் நாள் முழுக்க மடிக்க வேண்டும். மடித்த ஃபாரங்களை வரிசையாக அடுக்கினால் புத்தகம். அடுக்கியதில் ஒன்று விட்டுப்போனதா, ஒன்று இரட்டையாக விழுந்ததா என்று பார்ப்பது தராசக்காவின் வேலை. மற்ற இடங்களில் இதற்குக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவார். இவள் தூக்கிப் பார்ப்பாள். கனம் சொல்லிவிடும். எந்த எண் என்பதை விரல் சொல்லிவிடும். அந்தக் கட்டைவிரலில் ரேகையே கிடையாது, தாள் தின்றுவிட்டது. பாங்கில் விரல் வைக்கிற மிஷின் 'ஆள் இல்லை' என்று காட்டும். "உயிரோட நிக்கிறேன், இல்லங்குது பாரு" என்று அதற்கும் சிரிப்பாள்.

முதலாளிக்கு ஒருநாள் சந்தேகம் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டில் ஒரு ஃபாரத்தை உருவிவிட்டு, அதே அளவு, அதே கனம், அச்சடிக்காத வெறும் தாளை மடித்துச் செருகிவிட்டார். அக்கா தூக்கினாள், விரலை ஓட்டினாள், நிறுத்தினாள். "இதுல ஒண்ணு ஊமையா இருக்கே" என்றாள். அச்சடித்த தாள் விரலைக் கொஞ்சம் பிடிக்குமாம், வெறும் தாள் வழுக்குமாம். அன்றைக்கு முதலாளி தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றதைக் கட்டிங்காரர் கண்ணால் பார்த்தார். அந்த மனிதர் பாங்க் மேனேஜருக்கே எழுந்து நிற்காதவர்.

இவ்வளவு இருந்தும், இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு புத்தகமும் படித்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். விருப்பம்தான் இல்லை. கேட்டால், "ஆணி செய்யிறவன் வீட்டுக்குப் போயி ஆணியவா திங்கிறான்?" என்பாள்.

மற்றப் பெண்கள் அப்படியில்லை. மடிக்கிறபோதே ஓரக்கண்ணால் படித்துவிடுவார்கள். ஆனால் அவரவர் ஃபாரத்தை மட்டும்தான். பதினாறு பக்கத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்ததும் ஆளுக்கொரு துண்டாகக் கதை வெளியே வரும், சண்டையும் சேர்ந்து வரும்.

போன மாதம் வந்த நாவலில் ஒரு தாய். மூன்று பிள்ளைகள். பதினெட்டு ஃபாரம், இருநூற்று எண்பத்தெட்டுப் பக்கம். இரண்டாவது ஃபாரம் கண்ணாடிக்காரியுடையது. அதில் அந்தத் தாய் பிள்ளைகளை இடுப்பில் ஒன்றும் கையில் இரண்டுமாகப் பிடித்துக்கொண்டு மழையில் ஆடுகிறாள். கண்ணாடிக்காரி உருகிப்போனாள். ஒன்பதாவது ஃபாரம் பசைக்காரியுடையது. அதில் ஒரு பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடக்க, அதே தாய் பக்கத்து வீட்டில் சீட்டாடிக்கொண்டிருக்கிறாள்.

"பெத்தவளா அவ? சனியன்."

"வாய அலம்பு. அந்த மாதிரி ஒரு அம்மா எனக்கு இருந்திருந்தா நான் ஏன் இங்க வந்து தாள் மடிக்கிறேன்?"

"உன் ஃபாரத்துல அவ நல்லவளா இருப்பாடி. என் ஃபாரத்துக்கு வந்து பாரு, தெரியும்."

ஏழாவது ஃபாரத்துக்காரி குறுக்கே வந்தாள். அவளுடையதில் மூத்த பெண் ஸ்டூல் போட்டு ஏறி அடுப்பைப் பற்றவைத்து மணிக்கட்டைச் சுட்டுக்கொள்கிறது. தாய் அந்தப் புண்ணுக்கு முத்தம் கொடுக்கிறாள். முத்தம் கொடுத்தாளே என்று ஒரு கட்சி, முத்தத்தை வைத்து என்ன செய்வது என்று ஒரு கட்சி. கட்டிங்காரர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தராசக்கா டப்பாவிலேயே கண்ணாக இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய போன் அடித்தது. அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், கூடம் முழுக்கக் கேட்கும். பேசியது அவள் தம்பி.

"அக்கா, பத்து வருஷம் நான் வெச்சுப் பாத்துட்டேன். வர்ற திங்கக்கிழமை எனக்குக் கால் ஆபரேஷன். ரெண்டு மாசம் படுக்கை. சனிக்கிழமைக்குள்ள அம்மாவ நீ வந்து கூட்டிட்டுப் போ. இல்லன்னா ஹோம்ல சேத்துடுறேன்."

"சேத்துடு" என்றாள் தராசக்கா. போனை வைத்துவிட்டு டப்பாவில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

தாய் வீட்டு வாசலை அவள் மிதித்து முப்பது வருஷம் ஆகிறது என்பது கட்டிங்காரருக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. அன்று சாயங்காலம் அவள் செய்த காரியம்தான் அவரைத் திடுக்கிட வைத்தது. மூலையில் கிடந்த வீணான ஃபாரங்களில், மை ஈஷியதும் கோணலாக மடிந்ததுமாகப் பதினெட்டைப் பொறுக்கினாள். ஒன்று முதல் வரிசையாக அடுக்கினாள். கயிறு போட்டுக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, ஆணி திங்கப் போறியா?"

"பொத்திக்கிட்டுப் போய் வெட்டு."

நாலு நாள் அவள் கண் சிவந்து இருந்தது. வேலையில் ஒரு கட்டுகூடத் தவறவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக்காரி மறுபடி ஆரம்பித்தாள். யாரோ பதினாலாவது ஃபாரத்தைக் காட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

"பாவம், அவ அம்மா அவளுக்கு நாலு வயசுலயே செத்துட்டா. தாய்ப்பாசமே தெரியாம வளந்தவ. அதான் அப்படி."

"எங்கம்மாவோட அம்மா எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தா" என்றாள் தராசக்கா.

அவள் பையிலிருந்து அந்தக் கயிறு கட்டிய கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவ. நீங்க சொன்னது எல்லாம் இருக்கு. மழையில ஆடுறா, முத்தம் குடுக்குறா, பிள்ளைங்களுக்காக அழுவுறா. பாசத்துக்குக் குறைச்சலே இல்ல. ஆனா ஒண்ணு இல்ல."

"என்னது?" பசைக்காரி கேட்டாள்.

"கேள்வி இல்ல. அவ பிள்ளைங்கள ஒரு வார்த்தை கேக்கல. பசிக்குதாடி, எங்கடா போன, கையி எப்படிச் சுட்டுச்சு, ஒண்ணு கூட இல்ல. பக்கத்து வீட்டுக்காரிய கேக்குறா, தபால்காரன கேக்குறா, நல்லா இருக்கேனான்னு கண்ணாடியக் கூடக் கேக்குறா. பிள்ளைங்ககிட்ட சொல்லுறா, கொஞ்சுறா, பாடுறா. கேக்க மாட்டேங்குறா. மொத்தப் புத்தகத்துலயும் விரல் வெச்சுத் தேடிட்டேன்."

கண்ணாடிக்காரி தன் ஃபாரம் ஒன்றை எடுத்துப் பரபரவென்று புரட்டினாள். பசைக்காரியும் புரட்டினாள். அந்தப் பக்கம் நாலு பேர் புரட்டினார்கள். தாள் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தியும் தலை நிமிர்ந்து 'இதோ இருக்கு' என்று சொல்லவில்லை.

எழுதியவனுக்குக்கூட இது தெரிந்திருக்குமா என்று கட்டிங்காரர் நினைத்தார். இருப்பதைப் படிக்க ஊரில் ஆயிரம் பேர் உண்டு. இல்லாததை இப்படி ஒருத்தி படித்து அவர் பார்த்ததில்லை.

"ஏங்க்கா கேக்கல?" என்றாள் ஏழாவது ஃபாரத்துக்காரி மெதுவாக.

"கேட்டா பதில் வருமே. பசிக்குதுன்னு பிள்ளை சொல்லிட்டா எந்திரிக்கணும். எந்திரிச்சா அடுப்பு, அடுப்புக்கு அப்புறம் பாத்திரம், அதுக்கப்புறம் நாளைக்கு, நாளான்னைக்கு. அதுக்கு முடிவே இல்லைல. அந்தப் பயம் அவளுக்கு. கொஞ்சுறது நம்ம இஷ்டம், போதும்னா நிறுத்திக்கலாம். கேட்டுட்டா மாட்டிக்கிட்டோம்."

பிறகு அவளாகவே சொன்னாள். வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர், இவள் மூத்தவள். தாய் நன்றாகப் பாடுவாள், ஐந்து தலையையும் வாரிவிடுவாள், தெருவே அவளைக் கொண்டாடும். பொழுது சாய்ந்ததும் தலைகளை எண்ணுவது எட்டு வயதில் இவள் ஏற்றுக்கொண்ட வேலை. ஒருநாள் நாலுதான் இருந்தது. கடைக்குட்டித் தம்பியைக் காணோம். தாயிடம் ஓடினாள். "இங்கதான் எங்கயாவது இருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தாய் தெருப் பெண்களோடு பேச்சைத் தொடர்ந்தாள். இவள்தான் சந்து சந்தாகத் தேடி, மரக்கடைக்குப் பின்னால் உருண்ட கட்டைக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தவனைக் கண்டுபிடித்தாள். இழுத்து, முதுகில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்கு ராத்திரி அம்மா அழுத அழுகை இருக்கே, அக்கம்பக்கம் அத்தனையும் வந்து அவளத்தான் தேத்துச்சு. எங்க இருந்த, எப்படிடா ஆச்சுன்னு அவனக் கேக்கல. எப்படித் தூக்கிட்டு வந்தன்னு என்னையும் கேக்கல. அவனோட அந்தக் காலைத்தான் இப்ப வெட்டித் தைக்கப் போறாங்க."

"அப்ப உங்கம்மாவ..." என்று பசைக்காரி இழுத்தாள்.

"சாப்பிட்டாச்சுல்ல? கைய கழுவுங்க, வேல கெடக்கு."

சனிக்கிழமை மத்தியானம் கட்டிங்காரர் வேனில் புத்தகக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "தம்பி வீட்டுப் பக்கம்தான போற?" அவர் வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் அவளே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மன்னிக்கிறதெல்லாம் நமக்கு வராதுய்யா. ஆனா ஏன் அப்படின்னு தெரியாத ஆள வீட்டுக்குள்ள விட பயமா இருந்துச்சு. இப்ப தெரியும்."

தம்பி வீட்டுச் சந்துக்குள் வேன் நுழையாது. பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள். தாய் தயாராக உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவம், முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக. மகளைப் பார்த்து, "வந்துட்டியா என் ராசாத்தி" என்று கன்னத்தை வழித்தாள். பிறகு கட்டிங்காரரிடம் திரும்பினாள். "வண்டி உன்னோடதாப்பா? புள்ளைங்க எத்தன? படிக்குதுங்களா?" மூன்று கேள்வி, ஒரே மூச்சில். கட்டிங்காரர் தராசக்காவைப் பார்த்தார். அவள் தாயின் பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நொண்டி வந்தான். "ஆபரேஷனுக்கு எத்தன மணிக்குப் போகணும்? காலைல சாப்பிடலாமாமா?" என்று அவனைக் கேட்டாள் அக்கா. அவன் சொன்னான். கேட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பெரிய ரோட்டில் லாரி போக்குவரத்து அதிகம். கட்டிங்காரர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். முன்னால் கிழவி ரோட்டோரமாக, எதிர்க்கடைகளை வேடிக்கை பார்த்தபடி, யாரும் பதில் சொல்லாத பேச்சைப் பேசிக்கொண்டே போனாள். சுவர் ஓரமாகத் தராசக்கா. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிப் போயிற்று. தராசக்கா நின்றாள். பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். தாயின் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய், தோளால் அவளைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, தான் ரோட்டுப் பக்கமாக நடந்தாள்.