மீன் ஏலக் கூடத்தில் ஒரு மருத்துவ முகாம்

புதுச்சேரி போனேன் என்றதும் கடற்கரைச் சாலை, பிரெஞ்சு வீடுகள், மலிவுச் சரக்கு என்று ஆளாளுக்குக் கற்பனைக் குதிரையைத் தட்டிவிட வேண்டாம். நான் போனது இந்த 2005 ஜனவரியில். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி நடுங்கிய நடுக்கத்தில், கடல் எழும்பி வந்து நம் கரையோரக் குப்பங்களை வாரிக்கொண்டு போயிருந்தது. நான் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டிவியைப் பார்த்துப் பார்த்து அழுதேன். பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது. புண்ணுக்குக் கட்டுப்போடத் தெரிந்தவள் சோபாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினால் யாருக்கு லாபம்? எங்கள் டாக்டர் செந்திலும் லீவு போட்டார். இரண்டு அட்டைப்பெட்டி மருந்தோடு கிளம்பினோம்.

சேலத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கே மாறினால் புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். பெட்டிகளுக்கு லக்கேஜ் கேட்ட கண்டக்டர், உள்ளே என்னவென்று தெரிந்ததும் எங்களிடம் டிக்கெட் காசும் வாங்க மறுத்துவிட்டார். தங்கியது லாஸ்பேட்டையில், என்னோடு நர்சிங் படித்த மேரியின் குவார்ட்டர்ஸில். அங்கிருந்து தினமும் பஸ் ஸ்டாண்ட் வந்து, கடலூர் போகிற டவுன் பஸ் பிடித்து, ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பத்தில் இறங்க வேண்டும். பிறகு ஆட்டோ. குப்பத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களால் அவர்கள் பட்டது போதும்.

முதல் நாள் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் நிழலாக ஓர் இடம் கேட்டோம். மாரியம்மன் கோயில் மண்டபத்தைக் காட்டினார்கள். சுத்தமான தரை, மின்விசிறி, பக்கத்திலேயே குழாய். டாக்டருக்கு வாயெல்லாம் பல். ஆனால் வந்தவர்கள் யார் தெரியுமா? சளி, மூட்டுவலி, “சும்மா பிரஷர் பாருங்க.” நடுப்பகலுக்கு மேல் ஈ ஓட்டினோம். மறுநாளும் அதே கதை. “பரவாயில்ல சிஸ்டர், இங்க பெருசா யாருக்கும் அடி இல்ல போல” என்றார் டாக்டர். எனக்கு மனசு ஒப்பவில்லை. தகரமும் கட்டுமரமும் ஓட்டை உடைசலாகக் கிடக்கிற ஊரில் ஒருவர் காலில்கூடவா வெட்டுப்படாது?

தெருவுக்குள் நடந்தேன். பாதி இடிந்த ஒரு வீட்டு வாசலில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலை. பாதத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தாள். துணியைத் தாண்டி நாற்றம் வந்தது.

“முகாம் நாலு எட்டுல இருக்கு. ஏம்மா வரல?”

“கோயிலுக்குள்ள எப்பிடி வர்றது நர்சம்மா? எங்கூட்டுக் கொழுந்தனாரு அலைல பூட்டாரு. தீட்டு. கருமாதி முடியாம கோயிலு படிய மிதிக்கக் கூடாது. இந்தத் தெருவே பங்காளிங்கதான், ஒருத்தரும் வர மாட்டாங்க.”

“அதுக்காகக் கால அழுக விடுவியா?”

“சாமி குத்தம் வேற வேணுமா? இப்ப பட்டது பத்தாதா?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யார் வீட்டில் சாவு விழுந்ததோ அவர்களுக்காக வந்து, அவர்கள் நுழைய முடியாத ஒரே இடத்தில் கடை விரித்திருக்கிறோம்! பஞ்சாயத்தாரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். அவர்களில் பெரியவர் பாவமாகப் பார்த்தார்.

“நீங்க நெழலு கேட்டீங்க. நெழலு கோயில்லதான் இருக்கு. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தவங்கள, கெடையாதுன்னு சொல்ல மனசு வரல.”

மரியாதையும் சில நேரம் ஆளைக் கொன்றுவிடும். வேறு கூரை கேட்டோம். மிஞ்சியிருந்தது மீன் ஏலக் கூடம் மட்டும்தான். மீன் வராமல் வெறிச்சென்று கிடந்தாலும் வாடை போகவில்லை. டாக்டர் மூக்கைப் பொத்தினார். “ஆபத்துக்குப் பாவமில்ல டாக்டர்” என்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். மறுநாள் தெருவே திரண்டு வந்தது. வெட்டு, சீழ், முறிந்த விரல். கோயிலில் சும்மா ஓட்டிய ஈயை இங்கே நிஜமாகவே ஓட்ட வேண்டியிருந்தது.

அஞ்சலையின் கால்தான் எல்லாவற்றிலும் மோசம். அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை வீட்டோடு போய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், கருமாதிக்கு முன்னால் ஊரைத் தாண்ட மாட்டேன் என்றாள். “அழுகின கறுப்பு மேல ஏறுச்சுன்னா பாதத்த எடுக்க வேண்டி வரும். அப்ப உன்னக் கேக்க மாட்டேன், தூக்கிட்டுப் போயிடுவேன்” என்றார் டாக்டர். அவள் அப்போதுதான் அழுதாள். “மீன் கூடையத் தூக்கிட்டுத் தெருத் தெருவா நடந்தாத்தான் எனக்குச் சோறு. காலு போனா நான் இன்னா பண்ணுவேன்?”

செத்த சதையை வெட்டி எடுத்து, காலையும் மாலையும் கட்டு மாற்றினோம். நான் போன் போட்டு லீவை நீட்டினேன். சூப்பர்வைசர் கத்தினார், கத்தட்டும். ஒவ்வொரு முறை துணியைப் பிரிக்கும்போதும் முதலில் புண்ணின் ஓரத்தைத்தான் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் காலையில், அங்கே இளஞ்சிவப்பாகப் புதுச் சதை எட்டிப் பார்த்தது. டாக்டர் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

அன்று டீயைக் குடித்துக்கொண்டே அஞ்சலை கேட்டாள்: “காலு தேறிடும், சரி. பொணம் தின்ன மீனுன்னு ஊரே பேசுது. யாரு வாங்குவாங்க? நீ வாங்குவியா நர்சம்மா?”

நான் மிச்சத் துணியைச் சுருட்டத் தொடங்கினேன். அந்த அலைக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் மீன் வாங்கவில்லை.

இதுபோல் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் உங்களுக்கே ரணஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபயாட்டிக் எல்லோரும் கொண்டுவருவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத்தான் யாரும் நினைப்பதில்லை. பழைய துணி வேண்டவே வேண்டாம், சாலையோரம் மலையாகக் கிடக்கிறது. இடம் பிடிக்கும்போது நிழலை மட்டும் கேட்காதீர்கள். சாவு நடந்த வீட்டுக்காரர்கள் அங்கே வருவார்களா என்று கேளுங்கள்.

போன வாரம் மறுபடி புதுச்சேரி போனேன். மேரியைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். கால் தானாக அரியாங்குப்பம் பஸ்ஸில் ஏறியது. படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கின்றன. ஏலக் கூடத்தில், எந்த மூலையில் பெஞ்சு போட்டுக் கட்டு மாற்றினோமோ அதே மூலையில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பாதமும் தரையில். பக்கத்தில் கூடை, அதில் பாதிக்கு மேல் விற்காத சங்கரா மீன்.

“ஒரு கிலோ போடு” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “திங்கறதுக்கா, எனக்கோசரமா?”

“திங்கறதுக்குத்தான்.”

பெரிய மீனாகப் பொறுக்கி, அவளே செதில் சீவிப் போட்டாள். ஐஸில் பொதிந்தும் வாடை அடங்காமல், சேலம் வரை பஸ்ஸே என்னை முறைத்தது. ராத்திரி குழம்பு கொதித்தபோது என் கணவர் தயங்கினார். நான் முதல் துண்டை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.