நோன்போடு அளந்த வட்டிலாப்பம்

அறபா நோன்பு பிடித்துக்கொண்டு யாராவது வட்டிலாப்பம் செய்திருக்கிறீர்களா?

நான் முந்தநாள் செய்தேன். எங்கள் கல்முனை வீட்டுக் குசினியில், லுஹர் தொழுதுவிட்டு, மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாளைக்காக.

எனக்கு அளவு என்றால் கையும் நாக்கும்தான். இனிப்புக் குறைந்தால் கருப்பட்டி, கூடினால் பால். நோன்போடு அந்த வித்தை செல்லாது.

(ருசி பார்க்க ஆறு வயதுச் சின்ன மகள் சைனபை நியமித்தேன். வெறும் தேங்காய்ப்பாலும் "நல்லம்", கருப்பட்டிப் பாகும் "நல்லம்". அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்.)

கடைசியில் என் ராத்தா (அக்கா) வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அளவை அப்படியே பிடிப்பதென்று முடிவெடுத்தேன். பன்னிரண்டு பேருக்குப் பத்து முட்டை, அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, இரண்டு கப் கெட்டித் தேங்காய்ப்பால், அரை டீஸ்பூன் சாதிக்காய்த் தூள்.

பெருநாளுக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர்தான். நிம்மதி.

முட்டையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சம்மாந்துறையிலிருந்து கணவரின் தங்கை போனில் கோல் எடுத்தார்.

"மச்சி, நாங்க ஆறு பேரும் பெருநாளைக்கி உங்கட ஊட்ட வாறம். பகல் சாப்பாடு உங்களோடதான்."

"வாங்க மச்சி, நல்லம்தானே" என்றேன். மனம் முட்டையை எண்ணத் தொடங்கியிருந்தது.

என் மூத்த மகள் ஹனியா பக்கத்தில் இருந்து ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பதினொரு வயது. ஆறாம் தரம். தவணைப் பரீட்சைக்குப் பிறகு அவள் கணிதப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கேட்டால், "எனக்குக் கணக்கு ஏலா உம்மா" என்று எழுந்து போய்விடுவாள். கணித பாடம் உள்ள நாட்களில் காலையிலேயே வயிற்றுவலி.

தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நானும், "எனக்கும் ஏலாதுதான் புள்ள. நம்மட குடும்பத்துக்கே கணக்கு ஏறாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

சரி, முட்டைக்கு வருகிறேன்.

ஆறு பேர் கூடுதலாக வருகிறார்கள். பத்தும் ஆறும் பதினாறு. பதினாறு முட்டையை எடுத்து வைத்தேன்.

"உம்மா, அது பிழை."

அத்தனை மெல்லிய குரல். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன மகள் பிழை? ஆறு பேர் கூட வாறாங்க. அப்ப ஆறு முட்டை கூடத்தானே போடணும்?"

"பன்னிரண்டு பேருக்குப் பத்து முட்டை எண்டுதானே பெரியம்மா செல்லி இரிக்கிறா. ஆளுக்கு ஒரு முட்டை இல்லயே."

நான் கையை எடுத்துவிட்டேன். "அப்ப எத்தின?"

"ஆறு பேர் எண்டா பன்னிரண்டில பாதி. பத்தில பாதி அஞ்சு. மொத்தம் பதினஞ்சு."

பதினாறாவது முட்டையை நானே திருப்பி உள்ளே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு குசினி ஹனியாவின் கைக்குப் போனது. கருப்பட்டி அரைக் கிலோவில் பாதி கால் கிலோ, ஆகவே முக்கால் கிலோ. பால் மூன்று கப். ஏலக்காய்த் தோலைக் கூட்டித் தள்ளிவிட்டு அளக்கும் கரண்டிகளை எடுத்தாள்.

"சாதிக்காய் அரை. அரையில பாதி கால். அரையும் காலும் முக்கால்." தூளைக் கொட்டினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"உம்மா, இது பரீட்சைக்கு வந்த கணக்கு."

"நீ என்ன எழுதின?"

"மேல ரெண்டையும் கூட்டி, கீழ ரெண்டையும் கூட்டி, ஆறில ரெண்டு எண்டு எழுதினன்." ஒரு கையில் அரைக் கரண்டி, மறு கையில் கால் கரண்டி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆறில ரெண்டு எண்டா அரையை விடக் குறைய. கூட்டினா எப்புடி உம்மா குறையும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஓ.எல். பரீட்சையில் இரண்டு தடவை கணிதத்தில் பெயிலாகி, பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்திருப்பேனா தெரியவில்லை.

"மகள், நான் உனக்கு ஒரு பிழையான கதை செல்லிட்டன்" என்றேன். "நம்மட குடும்பத்துக்குக் கணக்கு ஏறாது எண்டு ஒண்டும் இல்ல. நான் பயந்து விட்டுட்டு ஓடினன். அவ்வளவுதான்."

அவள் இரண்டு கரண்டியையும் கழுவி வைத்தாள். பிறகு, "அப்ப பெருநாள் முடிய ரெண்டு பேரும் இருந்து படிப்பமா?" என்று கேட்டாள்.

"ஓம், படிப்பம்."

துணிவு வந்த பிள்ளை அடுத்ததாக, "அவிக்கிற நேரமும் ஒண்டரை மடங்கா உம்மா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. (தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். நாங்கள் ஈர்க்கிலால் குத்திப் பார்த்து இறக்கினோம்.)

பெருநாளன்று பகல் சம்மாந்துறைக்காரர்கள் வந்தார்கள். ஆறு பேர் அல்ல, ஏழு பேர். தன் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் மச்சி அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண்ணின் கணவர் கத்தாரில் வேலை. தனியாகப் பெருநாள் கொண்டாட விட மனமில்லையாம். எனக்கும் அது சந்தோஷம்தான்.

ஆனால் வட்டிலாப்பத் தட்டின் முன் கத்தியோடு நின்றவள் ஹனியா.

"பத்தொம்பதுக்கு நேரா வெட்ட ஏலா" என்று முணுமுணுத்தாள். தட்டை ஒருமுறை திருப்பினாள். நீளத்தில் ஐந்து, அகலத்தில் நான்கு என்று கோடு போட்டாள். இருபது துண்டு. அளவு எடுத்து வெட்டியதுபோல எல்லாம் ஒரே பருமன். இனிப்பும் சரியாகவே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பத்தொன்பது பேரும் சாப்பிட்டு முடிய, தட்டில் ஒன்று மிஞ்சியது. மச்சியின் கணவர் மெதுவாகக் கையை நீட்டினார்.

"இது ஆருக்கு மகள்?"

ஹனியா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருவதில ஒண்டு மாமா. அது கணக்குப் பார்த்த ஆளுக்கு."