‘கேஸ் முடிஞ்சுது, கண்ணு!’

போன வாரம் பென்னாகரத்தில் ஒரு வக்கீல் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு முன்பே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள் – ஏரியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், பெயர் மாது. அவருடைய அண்ணன் மகள் கவிதா.

போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாவற்றிலும் கவிதா பாஸ். கடைசியில் நடந்த பின்னணி விசாரணையில் நிராகரித்துவிட்டார்கள். காரணம்: ‘குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்.’

என்ன குற்றம்? சாலை மறியல்!

இத்தனைக்கும் அவர் மறியலுக்கே போகவில்லை. குடிநீர் கேட்டு ஊரார் மறித்த பஸ்ஸில் பயணியாக வந்தவர். கூட்டத்தில் சித்தப்பா மாதுவைப் பார்த்து இறங்கியிருக்கிறார். போலீஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்தது. தக்காளி சாதம் போட்டார்கள். “பந்தி சரி... பொண்ணு மாப்பிள்ளை எங்கடா?” என்று கிண்டல் வேறு. சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன். நம் பக்கத்து வழக்கம் தெரியும்தானே? ஊரே வேன் பிடித்துப் போகும். மொத்தமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும். அபராதம் கட்டும். திரும்பும் வழியில் டீ குடிக்கும்.

“நான் பஸ்ல வந்தவ. அதச் சொல்லிடறேன் சித்தப்பா” என்றாராம் கவிதா அன்று.

“அட, சும்மா இரு கண்ணு. அப்புறம் வாய்தா வாய்தான்னு காட்டு வேலைய வுட்டுட்டு யாரு அலையறது? ஆமான்னு சொல்லு, கேஸ் முடிஞ்சுது” என்று அடக்கியவர் மாது. அபராதத்தையும் அவரே கட்டினார்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒப்புக்கொண்டால் ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு. அபராதம் எவ்வளவு சிறியதானாலும் அதுவும் தண்டனைதான். ஜெயில் வாசலை மிதிக்காதவரும் தண்டிக்கப்பட்டவரே. கோர்ட் வளாகத்தில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

“நானே வந்து சாட்சி சொல்றனுங்க சார்... பாப்பா மறியல்லயே இல்லீங்க” என்றார் மாது.

“அன்னைக்குக் கேஸ நடத்தியிருந்தா விடுதலை ஆகியிருக்கலாங்க. இப்ப அவங்களே ஒத்துக்கிட்டாங்களே... மேல போனாலும் நிக்கிறது கஷ்டம்” என்றார் நண்பர்.

மாது துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அலைய வேணாம்னுதான் கண்ணு சொன்னேன்...”

“வுடுங்க சித்தப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அந்த மனிதருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இழுத்தடிக்கும் வழக்குகளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று... எனக்கென்னவோ, சட்டென்று முடிகிற வழக்குகளை நினைத்துத்தான் இப்போது பயமாக இருக்கிறது.