கூட்டோடு போன ரஸ்பரி

புனே பக்கம் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில், குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் பதினோரு ரஸ்பரிச் செடி வைத்திருந்தேன். நம் ஊர் சொடக்குத் தக்காளிக்கு அக்கா அது. காகிதம் போன்ற கூட்டுக்குள் மஞ்சள் பழம் இருக்கும். எழுபதுகளின் கடைசி. என் கணவர் அங்கே ராணுவ டிப்போவில் குமாஸ்தா. மெட்ராஸ் பக்கம் ஆவடிக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்தார். மெட்ராஸில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்கு நான் ஒரே பெண். அந்த மாற்றல் எனக்குத்தான் வேண்டியிருந்தது.

செடிக்குப் புழு வந்தது. பழம் மாற்றல் போடுகிற பெரிய அதிகாரி வீட்டுக்குப் போகப்போகிறது, குழந்தைகள் தின்பார்கள், மருந்துத்தூள் போடக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். தினமும் விடிந்ததும் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முட்டைகளை நசுக்குவேன். பச்சைப் புழுக்களைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவேன். சோறு பிசையும்போதும் விரலில் அந்த வாடை அடிக்கும். அம்மாவை நினைத்துக்கொண்டு பொறுக்கினேன்.

பிஞ்சிலேயே கூட்டுக்குள் நுழைந்துவிட்ட புழுவை ஒன்றும் செய்ய முடியாது. வெளியே ஊசிமுனை ஓட்டைதான் தெரியும். கூடை அனுப்புகிற அன்று, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்றேன்.

"பிரிச்சா மார்க்கெட்ல வாங்கின மாதிரி ஆயிடும். கூட்டோட குடுத்தாதான் அழகு," என்றார் அவர்.

பிரித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கூட்டோடு அடுக்கிக் கொடுத்தேன்.

சாயங்காலமே அதிகாரி வீட்டு ஆர்டர்லி கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். மேம்சாப் பிரித்த முதல் மூன்றிலும் புழுவாம். ஒன்று சின்னப் பெண்ணின் கையில் ஏறிவிட்டதாம். இந்தியில் அவன் சொன்னதைவிட, சொல்லும்போது சிரித்ததுதான் எனக்கு எரிந்தது.

அடுத்த மாதம் வந்த மாற்றல் பட்டியலில் கணவரின் பெயர் இல்லை. மூன்று வருஷமாகவே இல்லாத பெயர்தான். ஆனாலும் உன் புழுதான் கெடுத்தது என்றார். பழம் அவருடையது, புழு மட்டும் என்னுடையது. பாத்திரம் தேய்க்கப் போனேன்.

மழைக்காலத்தில் தந்தி வந்தது. நான் ரயில் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

உதிர்ந்த விதையிலிருந்து செடிகள் தானாக முளைத்து அந்தக் குளிர்காலத்தில் காய்த்தன. புழுவும் வந்தது. இந்த முறை அவர் எழுதிய மனு பதவி உயர்வுக்கு. பழம் எப்போது தேறும், ஒழுங்காகப் புழு எடுக்கிறாயா என்று கேட்டார்.

"எடுக்கலை," என்றேன். "யாருக்காக எடுக்கணும்?"